ஒருமுறை மட்டும் சொல்பவர்

சனிக்கிழமை பின்னேரம் நான்கு பன்னிரண்டுக்கு ஒரு மனிதன் சப்பாத்தைக் கழற்றாமல் எங்கள் வீட்டுக்குள் ஏறினான். நேரம் நினைவிருப்பதற்குக் காரணம், அடுப்புக் கடிகாரத்தை அப்போதுதான் பார்த்திருந்தேன். என் மகள் அபி கீழே, பேஸ்மன்ற்றில், தலையெல்லாம் அலுமினியத் தாள் சுற்றிக்கொண்டு இருந்தாள். தலைக்கு நீலச் சாயம். நான்கரைக்குக் கழுவாவிட்டால் மயிர் வெந்துபோகும் என்று எங்கோ வாசித்திருந்தேன். அன்றைய நாளின் பெரிய கவலை எனக்கு அதுதான்.

ரொறன்ரோவில் இத்தனை வருடங்களில், தமிழர் ஒருவர் இன்னொருவர் வீட்டுக் கம்பளத்தில் சப்பாத்தோடு கால் வைத்து நான் கண்டதில்லை. சாவீட்டிலும் கழற்றுவார்கள். அவன் பனியும் உப்பும் ஒட்டிய கனத்த சப்பாத்தோடு விறாந்தையைத் தாண்டி வந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர் எங்கள் ஊர்ச் சங்கத்து அண்ணை. வாசலில் ஒற்றைக் காலில் நின்று தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடி, “தம்பி, சப்பாத்து… தம்பி, சப்பாத்து…” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சப்பாத்தைப் பார்த்ததும் அவன் யாரென்று எனக்கு விளங்கிவிட்டது. அதற்கு முன் அவனை நான் கண்டதேயில்லை.

நான் எழுத வந்தது அவனைப் பற்றியல்ல. எங்கள் பேஸ்மன்ற்றில் இரண்டு குளிர்காலம் குடியிருந்த பெண்ணைப் பற்றி. அவருடைய பெயரை எழுத மாட்டேன். இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். கட்டையான உருவம். நாற்பது தாண்டியிருக்கும். இடது தாடை கொஞ்சம் உள்ளே போயிருக்கும். ஆண்கள் போடும் வேலை ஜாக்கெட். கண்ணாடி இழைகளை ஒட்டுவது அவருடைய தொழில். அறுந்துபோன இன்டர்நெட் கேபிளைத் தெருவோரத்தில் கூடாரம் அடித்து, இழை இழையாகச் சேர்ப்பவர். எங்கள் மல்வேர்ன் பக்கத்தில் அந்த வேலை செய்த தமிழ்ப் பெண் வேறு யாரும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் ஒருமுறைதான் சொல்லுவார்.

வீடு பார்க்க வந்த அன்று பேஸ்மன்ற் நடுவில் முழங்காலில் குந்தி, கைவிளக்கை நிலத்தோடு சரித்துப் பிடித்துக் கம்பளத்தைப் பார்த்தார். எழுந்து, “இந்தக் கார்ப்பெட்டை எடுத்தால் வாறன் அண்ணை” என்றார். கம்பளம் புதிது, நல்ல விலை, குளிருக்கு இதம் என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். நான் முடிக்கும்போது அவர் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கோபமில்லை. சொல்லியாயிற்று, அவ்வளவுதான். அடுத்த வாரம் நானே ஆள் பிடித்துக் கம்பளத்தை எடுப்பித்தேன்.

ஏன் எடுக்கச் சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது. இழையை வெட்டும்போது விழும் நறுக்கு கண்ணுக்குத் தெரியாது. கம்பளத்துக்குள் போனால் கிடைக்காது. தோலுக்குள் ஏறினால் எடுக்க ஏலாது, எடுக்க எடுக்க உடையும். அதனால் வேலை முடிந்து பக்கக் கதவால் வந்ததும் ஜாக்கெட்டை வெளியே உதறுவார். உள்ளங்கைகளை ஒட்டுநாடாவில் அழுத்தி அழுத்தி எடுப்பார். கதவடியில் வருகிறவர்களுக்கென்று வீட்டுச் செருப்புகளை வரிசையாக வைத்திருப்பார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தச் செருப்பைப் போட வேண்டும். வெறுங்காலோடு அவருடைய நிலத்தில் யாரும் நிற்க முடியாது. அபி முதல்முறை காலுறையோடு ஓடியபோது, “செருப்புப் போடு” என்றார். அவள், “அன்ரி, இற்ஸ் ஓகே” என்று சிரித்தாள். அவர் அவளைத் தோளில் பிடித்துத் திருப்பி, கதவுக்கு வெளியே விட்டுப் பூட்டிவிட்டார். மகள் அழுதுகொண்டு மேலே வந்தாள். மறுநாள் செருப்போடு போனாள்.

எனக்கும் அப்படித்தான். ஒரு டிசம்பரில், “அண்ணை, பக்கப் படியில உப்புப் போடுங்கோ” என்றார். பனிக்கட்டி உருக உப்புத் தூவ வேண்டும்; மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அதே படியில் விழுந்து முதுகு பிடித்துக் கிடந்தேன். வேலைக்குப் போக வந்தவர் என்னைக் கண்டார். தூக்கி உட்காரவைத்து, உள்ளே போய்ப் பையில் ஐஸ் கட்டி வந்து தந்தார். உப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். மனிதர்களிடம் ஒன்றைப் பத்துத்தரம் சொல்லிப் பழகியவள். “ஏனப்பா, திரும்ப ஒருக்காச் சொன்னால் என்ன குறைஞ்சு போகும்?” என்று அவரிடம் கேட்டாளாம்.

“ரெண்டாந்தரம் சொன்னால் கெஞ்சுற மாதிரி வந்திடும் அக்கா. நான் கெஞ்சிப் பாத்திட்டன்” என்றாராம்.

அந்தத் தாடைக்குள், முறிந்த எலும்பைப் பிடிக்க, தகடு வைத்திருந்தது.

ஒரு இலையுதிர் காலம் எங்கள் தெருவில் குழி தோண்டிய இயந்திரம் கேபிளைக் கடித்து எடுத்துவிட்டது. ஒட்ட வந்தவர் அவரேதான். தேத்தண்ணி கொண்டுபோய்க் கூடார வாசலில் நின்று பார்த்தேன். நூல் போலத் தெரிந்தவற்றுக்குள் நீலம், ஒறேஞ்சு, பச்சை, மண்ணிறம் என்று வரிசை. நீலத்தை எடுத்து மேல்தோலை உரித்தார். மதுசாரம் நனைத்த துணியால் துடைத்தார். சின்ன எலிப்பொறி போன்ற ஒரு கருவியில் வைத்து நுனியை நேராக வெட்டினார். எதிர்ப்பக்கத்து நீலத்துக்கும் அதே. இரண்டையும் பாண் வாட்டும் மெஷின் அளவான பெட்டிக்குள் வைத்து மூடினார். திரையில் இரண்டு சாம்பல் தூண்கள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வந்தன. நேராகின. ஒரு மின்பொறி. தூண் ஒன்றாகிவிட்டது. கீழே எவ்வளவு ஒளி வீணாகும் என்று ஒரு சிறு எண்.

ஒரு ஒட்டில் அந்த எண் கூடிவிட்டது. திரும்பச் சுடவா என்று மெஷினே கேட்டது.

“சுட்டால் குறையும்தானே?” என்றேன்.

“எண் குறையும். உள்ளுக்க குமிழி இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே ஒட்டை வெட்டி எறிந்தார். எறிந்தது என்றால் பால்மா டின்னுக்குள். பெரிய டின், மூடியைச் சுற்றிக் கறுப்பு நாடா, மூடியில் ஒரு கீறல் வழி. நறுக்குகளெல்லாம் அதற்குள்தான் போகும்.

அந்த நேரம் பார்த்து அயலில் இருந்த ஒரு பெரிய மனிதர் வந்தார். காலையிலிருந்து இன்டர்நெட் இல்லை, வீட்டிலிருந்து வேலை செய்ய முடியவில்லை என்று கத்தினார். கையில் மகனுடைய பழைய மர ஹொக்கி மட்டை. கூடாரத்தை அதனால் குத்தினார். உள்ளே மேசை ஆடியது; ஒட்டிக்கொண்டிருந்த இழை பட்டென்று முறிந்தது. உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல், கூடாரத்தைத் தொட வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மறுபடி மட்டை உள்ளே வந்தது. டின்னை மூடினார். மெஷினை மூடினார். பிறகு கேபிள் வெட்டும் பெரிய கத்திரியை எடுத்து, நீட்டிக்கொண்டிருந்த மட்டையின் நுனியை அதன் வாய்க்குள் வைத்து, பிடியை அழுத்தினார். கரக். அந்தக் கத்திரி ஒவ்வொரு பல்லாகத்தான் இறுகும். ஒருமுறை இறுகினால் தானாக விடாது. கரக். கரக். அந்த மனிதர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மட்டை நுனி பலகை முறியும் சத்தத்தோடு விழுந்தது. மிச்சத் தடியை வைத்துக்கொண்டு அவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

இவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “சீனி கூடிப்போச்சு அண்ணை” என்றார்.

அன்று நான் சிரித்தேன். இரவுச் சாப்பாட்டின்போது மட்டையின் கதையை நடித்துக் காட்டினேன். என் மனைவி சிரிக்கவில்லை. “அந்தாளின்ர கை கொஞ்சம் முன்னுக்கு இருந்திருந்தால்?” என்று கேட்டாள்.

சங்கத்து அண்ணை முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாழைப்பழமும் கேக்குமாக. பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைப்பதை அவர் ஒரு தொண்டாகவே செய்துவந்தார். கெட்ட மனிதரல்ல. பலருடைய வீட்டுச் சண்டைகள் அவருடைய நாற்காலியில் முடிந்திருக்கின்றன. எங்கள் சோபாவில் இருந்துகொண்டு, கீழே குடியிருந்தவரை மேலே கூப்பிடச் சொன்னார்.

“பிள்ளை, உங்கட மனிசன் இப்ப குடிக்கிறேல்லை. கோயிலுக்கு வாறான். ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன்.”

“அவர் எனக்குக் கிட்ட வரக்கூடாது எண்டு கோட் சொல்லியிருக்கு அண்ணை.”

“கோட்டுக்கு என்ன தெரியும் எங்கட குடும்பங்களைப் பற்றி? உது வெள்ளைக்காரன்ர சட்டம். ஒட்ட வேண்டியதை ஒட்டித்தானே ஆகவேணும். உங்கட தொழிலே அதுதானே, பிள்ளை!” தான் சொன்னதற்குத் தானே மகிழ்ந்து என்னைப் பார்த்தார்.

அந்தப் பெண் கேக்கில் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டு முடித்தார்.

“ஒட்டுறதெண்டால் ரெண்டு பக்கமும் நல்ல கண்ணாடி வருமட்டும் வெட்டவேணும் அண்ணை. நான் அவற்ற பக்கத்தைப் பதினொரு வருசமா வெட்டிக்கொண்டு போனன். நல்ல இடம் வரேல்லை.” எழுந்தார். “அவரை இஞ்சை கூட்டிக்கொண்டு வராதேங்கோ.”

அண்ணை அதை முதலாவது மறுப்பாக எடுத்துக்கொண்டார். எங்கள் வழக்கத்தில் எதையும் ஒருதரம் மறுப்பது மரியாதை. தேத்தண்ணி வேண்டாம் என்பார்கள், ஊற்றினால் குடிப்பார்கள். மூன்றாந்தரம் மறுத்தால்தான் மறுப்பு. அண்ணை வாழ்நாள் முழுக்க அந்தக் கணக்கில்தான் ஆட்களைச் சேர்த்துவைத்தார். இரண்டு வாரம் கழித்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மணி அடித்தது அண்ணைதான். அதனால்தான் கதவு திறந்தது.

பேஸ்மன்ற்றுக்கு இறங்கும் கதவடியில் நான் போய் நின்றேன். “தம்பி, பொறுங்கோ. கீழ என்ர பிள்ளை இருக்கிறாள்” என்றேன். வாசலில் பனி அள்ளும் சவள் சாய்ந்திருந்தது. அவன் அதை எப்போது எடுத்தான் என்று நான் காணவில்லை. அதன் விளிம்பு என் மூக்கில் இறங்கியது. என் மூக்கு முறியும் சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. விழுந்தேன். இறங்கும்போது அவனுடைய சப்பாத்து என் கைவிரல்களில் ஏறிப் போனது. தற்செயலாக அல்ல.

“ஐயோ தம்பி, கதைக்கத்தானே வந்தனாங்கள்!” என்று அண்ணையின் குரல். இன்னும் மற்றச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கியபோது அவன் அவருடைய தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்து, தலையைக் குளிர்சாதனப் பெட்டியில் மோதிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மோதலுக்கும் உள்ளே போத்தல்கள் குலுங்கின. அவர் சத்தம் போடவில்லை. சத்தமெல்லாம் அபிதான். குழாயடி முக்காலியில் இருந்தபடி கத்தினாள். அவளுடைய தலையில் அலுமினியத் தாள்கள் நடுங்கிச் சலசலத்தன. துவாய்க்குள் கைத்தொலைபேசியை மறைத்துப் பொலிசுக்கு அடித்திருந்தாள். அது அப்போது எனக்குத் தெரியாது.

“தாலிக்கொடி எங்கையடி?”

“என்னட்டை இல்லை.”

அவரை விட்டுவிட்டுத் தேடத் தொடங்கினான். லாச்சிகளை இழுத்து எறிந்தான். அரிசிப் பையைச் சவளால் குத்திக் கிழித்தான். அவருடைய வேலைப் பை சுவரோரம் இருந்தது. வேலைக்கு ஓட்டிப்போகும் வானை ஒருமுறை யாரோ உடைத்த பிறகு எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து வைப்பார். மெஷினை வெளியே இழுத்து நிலத்தில் போட்டுச் சவளால் அடித்தான். திரை சிதறியது. திரும்பத் திரும்ப அடித்தான். உயிருள்ள ஒன்றை அடிப்பதுபோல இருந்தது. பைக்குள் அடுத்து அவன் கையில் பட்டது பால்மா டின்.

நாடா சுற்றி இறுக்கிய டின். அதைக் கண்டதும் அவன் முகம் மாறியது. எங்கள் அம்மாமார் எல்லாருமே நகையைக் கள்ளனுக்கு ஒளித்துவைத்த இடம் அதுதான். மாவுக்குள், பருப்புக்குள், பால்மா டின்னுக்குள்.

அவர் நிலத்தில் சாய்ந்திருந்தார். காதடியிலிருந்து இரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“அதைத் திறக்காதேங்கோ. உள்ளுக்கு கண்ணாடி” என்றார்.

படிக்கு உப்புப் போடச் சொன்ன அதே குரல். கூடவுமில்லை, குறையவுமில்லை.

“கண்ணாடியோ?” அவன் சிரித்தான். “என்ர அம்மாவும் இப்பிடித்தானடி சொல்லுறவ. தொடாதே, உள்ளுக்கு எலிமருந்து எண்டு.” நாடாவைப் பல்லால் கடித்து உரித்தான். மூடியைப் பிடுங்கினான். அடிவரை கையை விட்டுத் துழாவினான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கையை வெளியே எடுத்துப் பார்த்தான். ரியூப் வெளிச்சத்தில் அது மணிக்கட்டு வரை மினுங்கியது. மற்றக் கையால் தட்டிவிட்டான். தட்டத் தட்ட அவை உள்ளே ஏறின. அப்போதுதான் கத்தினான். நெற்றி வியர்வை கண்ணுக்குள் வழிய, அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கினான்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

டின் உருண்டு நிலமெல்லாம் நறுக்கு. அவர் முதலில் பார்த்தது நிலத்தைத்தான், அவனையல்ல. எழுந்து, அபியை இடுப்பில் பிடித்துத் தூக்கிக் குசினி மேடையில் இருத்தினார். “காலை மேல எடு.” படியில் அண்ணை இறங்கி வந்துகொண்டிருந்தார், வெறும் காலுறையோடு. “அண்ணை, கீழ வராதேங்கோ” என்றார். அண்ணை வந்தார். “என்ன பிள்ளை, என்ன நடந்த…” என்று நாலு அடி வைத்து, காலைத் தூக்கி, நிலைதடுமாறி, கையை ஊன்றி இருந்துவிட்டார்.

கண் தெரியாமல் அவன் மேடையைத் தடவிக்கொண்டு வந்தான். தடவிய கையில் ஒரு கணுக்கால் அகப்பட்டது. அபியின் கால். “எங்கையடி ஓடுறாய்?” என்று இழுத்தான். அவள் மேடையிலிருந்து சரிந்தாள். தலை குழாயில் அடித்தது. “அப்பா!” என்றாள். நான் பாய்ந்தேன் என்று சொல்ல விருப்பம். சிதறிய அரிசியில் வழுக்கி முழங்காலில் விழுந்தேன்.

அவர் பைக்குள் குனிந்து கேபிள் கத்திரியை எடுத்தார். அவசரமில்லாமல் வந்தார். கத்திரியின் வாயை அவனுடைய மணிக்கட்டைச் சுற்றி வைத்தார். பிடியை ஒருதரம் அழுத்தினார்.

கரக்.

“விடு” என்றார்.

அபியின் தலையில் தாள்கள் சலசலப்பது கேட்டது. இரும்பு அவனுடைய தோலை மடித்துக்கொண்டு நின்றது. எனக்கு மட்டையின் நுனி நினைவுக்கு வந்தது. இரண்டாந்தரம் சொல்ல மாட்டார் என்பது அந்த அறையில் எனக்குத் தெரியும், என் மகளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், பதினொரு வருடம் கூட வாழ்ந்தவன்.

விட்டான்.

இப்போதும் சில நாட்களில் நான் யோசிப்பது டின்னைப் பற்றித்தான். அதைத் திறக்காதே என்று அவர் கத்தியிருந்தால், கெஞ்சியிருந்தால், அவன் நின்றிருப்பானா? இன்னும் வேகமாகத்தான் திறந்திருப்பான் என்கிறாள் மனைவி. அவர் ஒருமுறை சொன்னது அவனைக் காப்பாற்றவா, தான் சொன்னதாக இருக்கட்டும் என்பதற்கா? பொலிஸ்காரர் என்னிடம் கேட்டார், அவர் எச்சரித்தாரா என்று. எச்சரித்தார் என்றேன். தெளிவாகவா? தெளிவாக. அபியிடம் இந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை. அவள் தலையின் ஒரு பக்கத்து மயிர் வெந்து கொட்டிப்போனது. வளர்ந்துவிட்டது. வெறுங்காலோடு அவள் எங்கும் நடப்பதில்லை.

பொலிஸ் வந்து அவனை விலங்கிட்டுக் கொண்டுபோனது. முதலாவது அம்புலன்ஸ் அவனுக்கு. அடுத்தது அண்ணைக்கு, அவர் போகும்போது, “நான் நல்லதுக்குத்தானே…” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். அபியை ஒரு போர்வையால் சுற்றி மேலே கொண்டுபோனார்கள். அவர் பக்கக் கதவுப் படியில் சுவரோடு சாய்ந்திருந்தார். அவனுடைய கையிலிருந்து கழற்றிய கத்திரியை இன்னும் பிடித்திருந்தார்; ஒரு பெண் பொலிஸ் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை எடுத்தார். கேள்வி கேட்டார்கள். நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு குளிர்காலமாக ஒரு நறுக்கும் விழவிடாமல் அவர் வைத்திருந்த நிலம்.

கடைசியாக வந்தது அவருக்கான அம்புலன்ஸ். பக்கக் கதவால் ஒரு தமிழ்ப் பெடியன் வந்தான். தோளில் மருந்துப் பை. இங்கே பிறந்து வளர்ந்தவனாக இருக்க வேண்டும். கதவடியில் வரிசையாக இருந்த வீட்டுச் செருப்புகளைக் கண்டான். பையை இறக்கி வைத்தான். யோசிக்காமலே குனிந்து, தன் சப்பாத்துக் கயிற்றில் கை வைத்தான்.

“அன்ரி, சப்பாத்தைக் கழட்டட்டோ?”

அவர் நிமிர்ந்தார்.

“வேண்டாம் தம்பி, கழட்டாதேங்கோ” என்றார். பிறகு அவருடைய தாடை நடுங்கத் தொடங்கியது. “கழட்டாதேங்கோ. தம்பி, கழட்டாதேங்கோ. கழட்டிப்போடாதேங்கோ, தம்பி…”

பெடியன் சப்பாத்தோடு வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தினான்.

“கேட்டுது அன்ரி” என்றான். “கேட்டுது. நான் கழட்டேல்லை.”